நாய்வண்டிக்காரருக்கு ஒரு முகம்

ஜனவரி 9

அண்ணா,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும், "இவளுக்கு என்ன வந்துச்சு?" என்று அண்ணியிடம் கேட்டிருப்பாய். அம்மா போனபோது வந்தவளை வாசலில் நின்று "சரி, பார்க்கலாம்" என்று அனுப்பி வைத்தாய். அதோடு ஆறு வருஷம் ஆயிற்று. நீயும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. போன் போடலாம் என்று இரண்டு தடவை எண்ணை அழுத்திவிட்டு, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். நாம் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வரும். எழுதினால் ஒரு பக்கமாவது தாங்கும்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். நான் ஒரு படம் எடுக்கிறேன். எடுக்கிறேன் என்பதைவிட வரைகிறேன் என்று சொல்வதுதான் சரி. எல்லாம் கையால் வரைகிற படம். திரையில் ஒரு நொடி ஓடுவதற்குப் பன்னிரண்டு தாள் வேண்டும். பதினொரு பேர் நாலு வருஷமாகக் கழுத்து வலியோடு வரைகிறோம். குழந்தைகளும் பெரியவர்களும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கிற கதை. ஒரு நொண்டி நாய், ஒரு ஒற்றைக்கண் பூனை, யாருக்கும் வேண்டாத ஒரு கிழட்டுக் கழுதை. மூன்றையும் ஒரு சின்னப் பெண், மூடிக் கிடக்கும் சலவைக் கட்டடத்தில் ஒளித்து வைத்துக் காப்பாற்றுகிறாள். அவற்றைத் தேடி ஒருவன் ஊரெல்லாம் அலைகிறான். அவன் நாய்வண்டிக்காரன், தெருநாய் பிடிக்கிற நகராட்சி ஆள்.

இந்த இடத்தில் நீ கடிதத்தை மடிக்கப் போவாய். தயவுசெய்து மடிக்காதே.

எங்களிடம் நடை வரைகிற பெண் ஒருத்தி இருக்கிறாள். நிஜமான நாய்வண்டிக்காரரைப் பார்த்தால்தான் வரும் என்று போன மாதம் பஸ் ஏறிப் போய், மூன்று நாள் தள்ளி நின்று வரைந்துகொண்டு வந்தாள். எந்த ஊருக்குப் போகிறாள் என்று நான் கேட்கவில்லை. நோட்டை என் மேஜையில் போட்டு, "அக்கா, இவர் நடக்கிறதைப் பாருங்க. இடது தோள் முன்னாடி போகுது, ஆள் பின்னாடி வர்றார்" என்றாள். பக்கம் பக்கமாக முதுகு. அந்த முதுகை எனக்குத் தெரியாதா?

அது என் அண்ணன் என்று அவளிடம் சொல்லவில்லை. "நல்ல நடை, இதையே வை" என்று மட்டும் சொன்னேன். அறுநூறு தாள் வரைந்து முடித்த பிறகு, அந்த ஆளிடம் சம்மதக் கையெழுத்து வாங்கியாக வேண்டும் என்கிறார் தயாரிப்பாளர் அம்மா. படிவம் உள்ளே இருக்கிறது. கீழே, வலது பக்கம்.

உன் மகள் சுண்டெலி எப்படி இருக்கிறாள்? நான் பார்த்தபோது செருப்பைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

உன் தங்கை


ஜனவரி 21

தங்கச்சிக்கு,

கடிதம் கிடைத்தது. அண்ணி படித்தாள், பிறகு நான் படித்தேன், பிறகு அண்ணி மறுபடியும் படித்துவிட்டு, "உங்க குடும்பத்துல யாருக்கும் நேரா வந்து கேட்கிற பழக்கம் இல்லையா?" என்றாள்.

அந்தப் பெண் எதிர்ச் சுவரில் உட்கார்ந்து கிறுக்கியதை நான் பார்த்தேன். மேலிடத்து ஆள் என்று நினைத்து, மூன்று நாளும் சட்டைப் பொத்தானை எல்லாம் கழுத்து வரை போட்டுக்கொண்டு வேலை செய்தேன். அந்த வெயிலில்.

கையெழுத்துப் போட மாட்டேன். கோபத்தில் சொல்வதாக நினைக்காதே. காரணம் இருக்கிறது.

சுண்டெலிக்கு எட்டு வயது. இப்போது செருப்பைக் கடிப்பதில்லை, ஆளைத்தான் கடிக்கிறாள். அவளிடம் நான் நகராட்சியில் வண்டி ஓட்டுவதாகச் சொல்லி வைத்திருக்கிறோம். பொய் இல்லை, வண்டி ஓட்டத்தான் செய்கிறேன். பின்னால் என்ன ஏறுகிறது, ஏறியது எங்கே போகிறது என்று மட்டும் சொன்னதில்லை. சாயங்காலம் நான் தெரு முனையில் திரும்பும்போதே மாடியிலிருந்து நடையைப் பார்த்துவிட்டு, கீழே ஓடிவந்து கதவைத் திறப்பாள். என் முகம் தெரிய இன்னும் நாற்பது அடி இருக்கும். அவளுக்கு நடை போதும்.

உன் படத்தைக் குழந்தைகள் எல்லாரும் பார்ப்பார்கள். இவளும் பார்ப்பாள். ஒருவன் என் நடை நடந்து வந்து நொண்டி நாயைத் துரத்துவான். அரங்கம் முழுக்க அவனைத் திட்டும். என் மகள் நடுவில் உட்கார்ந்திருப்பாள்.

அந்த ஆள் கடைசியில் என்ன ஆகிறான்? அதை நீ எழுதவில்லை.

அண்ணன்


பிப்ரவரி 2

அண்ணா,

தன் கண்ணியில் தானே காலை மாட்டிக்கொண்டு சேற்றுக் குளத்தில் விழுகிறான். கழுதை அவன் தொப்பியைத் தின்கிறது. முன்னோட்டமாகச் சில பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினோம். சிரித்து சிரித்து ஒரு குழந்தைக்கு விக்கல் எடுத்துவிட்டது.

நீ கேட்காமல் விட்டதையும் சொல்லிவிடுகிறேன். ஆமாம், அந்த நாய் குள்ளன்தான். நொண்டி நாய்க்குக் குள்ளனுடைய மடிந்த காதைத்தான் போட்டிருக்கிறேன். எனக்குப் பதினைந்து வயது, உனக்கு இருபத்து மூன்று. மாடி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். புதுச் சீருடையில் நம் தெருவுக்கு வந்தாய். குந்தி உட்கார்ந்தாய். நான் ரொட்டி போட்டு வளர்த்த நாய், வாலை ஆட்டிக்கொண்டு உன்னிடம் ஓடி வந்தான். நீ கண்ணியை மாட்டினாய். அன்றைக்கே ஊசி போட்டிருப்பீர்கள். தெருவே கேட்கிற மாதிரி உன்னைக் கொலைகாரன் என்று கத்தினேன். இன்றைக்கும் அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

உன் நடை இல்லாவிட்டால் வேறு யாருடைய நடையையாவது வரையலாம். எனக்கு அது தெரியும். ஆனால் இருபத்தொரு வருஷமாக என் தலைக்குள் நடந்துகொண்டிருக்கிறவன் நீதான். வேறொருவன் நடந்தால் எனக்குக் கோபமே வர மாட்டேன் என்கிறது.

தாள்களைச் சின்னதாக நகல் எடுத்து, ஓரத்தில் தைத்து அனுப்பியிருக்கிறேன். இடது கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கட்டைவிரலால் வேகமாகப் புரட்டு. படம் ஓடும். பார்த்துவிட்டு முடிவு சொல்லு. சுண்டெலி விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் தெரியவில்லை.

தங்கை


பிப்ரவரி 19

தங்கச்சிக்கு,

புரட்டினேன். முதல் தடவை தலைகீழாகப் பிடித்து, கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டிவிட்டேன் போலிருக்கிறது. ஆள் சேற்றிலிருந்து எழுந்து, பின்பக்கமாகவே ஓடி, கண்ணியைக் கழற்றி நாயை விட்டுவிட்டு வீட்டுக்குப் போனான். அண்ணி இதுவே நன்றாக இருக்கிறதே என்றாள்.

பிறகு சரியாகப் புரட்டினேன். நன்றாக வரைகிறாய். நாயின் பின்னங்கால் அசலாக இருக்கிறது. ஆனால் உன் ஆளுக்கு வேலை தெரியவில்லை. கண்ணி மாட்டிய கம்பை ஓங்கிக்கொண்டு துரத்துகிறான். அப்படிப் போனால் சாயங்காலம் வரை ஒரு நாய்கூடக் கிடைக்காது, செருப்புத்தான் தேயும். குரைக்கிற நாய் கடிக்காது என்று சொன்னவரும் இவனும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்திருக்க வேண்டும்.

எங்கள் பிரிவில் நான்தான் கெட்டிக்காரன் என்று பெயர். எப்படி என்று சொல்கிறேன், இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. தூரத்திலேயே குந்திவிட வேண்டும். கண்ணைப் பார்க்கக் கூடாது. பக்கவாட்டில் திரும்பி, தரையில் எதையோ தேடுகிறவன் மாதிரி இருக்க வேண்டும். குரல் தணிந்து வர வேண்டும். உள்ளுக்குள்ளும் அவசரம் இருக்கக் கூடாது, இருந்தால் அதற்குத் தெரிந்துவிடும். நாய் தானாக வந்து கையை முகரும். அது என்னை நம்புகிறது, அந்த நம்பிக்கையை வைத்துத்தான் பிடிக்கிறேன். நாயை வெறுக்கிறவனுக்கு இந்த வேலை வராது. இதைப் பெருமையாக வெளியில் சொல்லிக்கொள்ள முடியுமா?

இன்னொன்று. அத்தனை தாளிலும் அவனுக்கு முகமே இல்லை. ஒன்று முதுகு, இல்லாவிட்டால் மேலிருந்து பார்த்த தொப்பி. நீ அன்றைக்கு ஜன்னலில் நின்றாய், அதனால்தான். முகம் எப்படி இருந்தது என்று நான் சொல்கிறேன். சிரித்துக்கொண்டிருந்தேன்.

வேலையில் சேர்ந்து ஒன்பதாம் நாள். சூப்பர்வைசர் பின்னால் நிற்கிறார். குப்பைத் தொட்டிக்குப் பின்னால் ஒரு கறுப்பு நாய். அதற்காகத்தான் குந்தினேன். என் குரல் கேட்டுக் குள்ளன் எங்கிருந்தோ வந்து, முழங்காலில் தலையை முட்டினான். அவன் வந்தால் எனக்குச் சிரிப்பு வரும், உனக்குத் தெரியும். கையில் கண்ணி இருப்பதே ஒரு நொடி மறந்துபோயிற்று. பின்னாலிருந்து அவர், "பரவாயில்லையே, போடு" என்றார். "சூ" என்று விரட்டியிருக்கலாம். ஒரு கையசைப்புப் போதும். விரட்டவில்லை. புது வேலை, பயம்.

அவனுக்கு அன்றைக்கு ஊசி போடவில்லை. பத்து நாள் கூண்டில் வைப்பார்கள். அதற்குள் வீட்டிலிருந்து ஒருவர் வந்து எங்கள் நாய் என்று கையெழுத்துப் போட்டால் கொடுத்துவிடுவார்கள். வேலை செய்கிறவன் தானே எடுத்துக்கொள்ளக் கூடாது என்று விதி. நீ வந்து கேட்பாய், சொல்லலாம் என்று காத்திருந்தேன். தெரு நடுவில் கொலைகாரன் என்று சொன்னவளிடம் நானாகப் போய்ப் பேசுவதா என்று வீம்பு. அம்மாவிடமாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தினமும் மத்தியானம் என் ரொட்டியில் பாதியை அவனுக்குப் போட்டேன். பத்தாம் நாள் ஊசி போடும்போது நான்தான் பிடித்துக்கொண்டேன், வேறு யாரும் தொடக் கூடாது என்று. அப்போதும் வாலை ஆட்டினான்.

எழுதிவிட்டேன். இதைத் தபாலில் போடுவேனா என்று தெரியவில்லை.

அண்ணன்


பிப்ரவரி 27

பத்து நாளா?

அதில் நாலாம் நாள் எனக்குப் பரீட்சை இருந்தது. போய் எழுதினேன். ஏழாம் நாளோ எட்டாம் நாளோ, சாப்பிடும்போது உப்பு உன் கைக்குப் பக்கத்தில் இருந்தது. உன்னிடம் கேட்கக் கூடாது என்று, அடுப்படியில் இருந்த அம்மாவைக் கூப்பிட்டு எடுத்துத் தரச் சொன்னேன். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து எடுத்துக் கொடுத்தாள். நீ தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். அன்றைக்கு அவன் உயிரோடு இருந்திருக்கிறான்.

"உப்பைக் குடு" என்று உன்னைக் கேட்டிருந்தால், நீ வாயைத் திறந்திருப்பாய்.

இதற்கு மேல் எழுத முடியாது. எழுதினால் கெட்ட வார்த்தைதான் வரும், உனக்கா எனக்கா என்று தெரியவில்லை.


மார்ச் 20

தங்கச்சிக்கு,

படிவத்தில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். தேதியும் போட்டாயிற்று.

எப்படி வேண்டுமானாலும் வரைந்துகொள். துரத்தட்டும், கம்பை ஓங்கட்டும், சேற்றில் விழட்டும், கழுதை தொப்பியோடு சட்டையையும் சேர்த்துத் தின்னட்டும். ஒரு நாய்க்கு நான் செய்ததற்கு இது பெரிதில்லை. சுண்டெலியை நான் பார்த்துக்கொள்கிறேன். எப்படி என்று கேட்காதே.

ஆனால் தயவுசெய்து குந்துவதை மட்டும் சரியாக வரை. அதைத் தப்பாகப் பார்க்க என்னால் முடியவில்லை.

அண்ணன்


செப்டம்பர் 14

அண்ணா,

ஆறு மாதமாகப் பதில் போடவில்லை. வரைந்துகொண்டிருந்தேன். சொல்ல வேண்டியதை வாயால் சொல்ல வராத வம்சம் நாம். உனக்குக் கம்பு, எனக்குப் பென்சில்.

அறுநூறு தாளையும் கட்டி மேலே போட்டுவிட்டேன். தயாரிப்பாளர் அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டார். "நீங்க வரையிறது குழந்தைங்க படம். கெட்டவன் ஒருத்தன் விழணும், அவங்க சிரிக்கணும், வீட்டுக்குப் போகணும். அவ்வளவுதானே?" என்றார். அந்தக் காட்சி முழுவதையும் சம்பளம் கேட்காமல் நானே திரும்ப வரைகிறேன் என்றேன். நடை வரைகிற பெண்ணிடமும் உண்மையைச் சொன்னேன். அவள், "அக்கா, அந்த மூணு நாளும் தண்ணி வேணுமான்னு என்கிட்ட கேட்டது அவர் ஒருத்தர்தான்" என்றாள். நீ இதை எனக்கு எழுதவே இல்லை.

முகம்தான் வரவில்லை. சிரிப்பு என்று எழுதிவிட்டாய், ஆனால் கையில் கண்ணியை வைத்துக்கொண்டு ஒருவன் எப்படிச் சிரிப்பான்? கண்ணாடியை எதிரில் வைத்து நானே சிரித்துப் பார்த்து வரைந்தேன். எண்பது தாள் கிழித்தேன். கடைசியில் சிரிப்பை அப்படியே விட்டுவிட்டு, கண்ணை மட்டும் கைப் பக்கம் திருப்பினேன். சிரிப்பு போவதற்குக் கொஞ்சம் நேரமாகிறது. ஒன்பது தாள். அந்த ஒன்பது தாளுக்குத்தான் இரண்டு மாதம் ஆயிற்று.

இப்போது கதை இப்படிப் போகிறது. அவர் குந்துகிறார், நாய் வருகிறது, பிடிக்கிறார். குளம் இல்லை. பத்து நாள் கூண்டு. அந்தச் சின்னப் பெண் அவரை முறைத்துக்கொண்டே தினமும் கடந்து போகிறாள். பத்தாம் நாள் காலையில் திரும்பி வந்து, "எங்க நாயைக் குடுங்க" என்று வாயைத் திறந்து கேட்கிறாள். அவர் அவளுக்குப் பேனாவை நீட்டுகிறார். நாம் செய்யாததைக் காகிதத்தில் செய்ய வைத்தேன். அது ஏமாற்று வேலை என்று தோன்றினால் சொல்லு.

உன்னை நல்லவனாக வரைந்துவிட்டேன் என்று நினைக்காதே. புதிய காட்சியையும் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினோம். யாரும் சிரிக்கவில்லை. ஒரு பிள்ளை மட்டும், "அவரும் பாவம்தான். ஆனா நாயை அவர்கிட்ட விடக் கூடாது" என்றான். எனக்கும் அதேதான். முழுசாக மன்னிக்கவில்லை, உன்னையும் என்னையும்.

மூன்று சீட்டு அனுப்பியிருக்கிறேன். நவம்பர் முதல் ஞாயிறு, உங்கள் ஊர் அரங்கிலேயே, பகல் காட்சி. நான் வரவில்லை. நீ பக்கத்தில் இருந்தால் திரையைப் பார்க்க மாட்டேன், உன்னைத்தான் பார்ப்பேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். சுண்டெலியிடம் முன்னாலேயே சொல்லிக் கூட்டிக்கொண்டு போ. இருட்டில் உட்கார்ந்து அவளாகக் கண்டுபிடிக்கும்படி விட்டுவிடாதே.

தங்கை


நவம்பர் 12

தங்கச்சிக்கு,

சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

அரங்கில் நடுவில் உட்கார்ந்தாள். ஒரு கையில் பொரி, ஒரு கை என் கையில். கழுதை வந்தபோதெல்லாம் சீட்டில் குதித்தாள். பிறகு உன் நாய்வண்டிக்காரர் தெரு முனையில் திரும்பி வந்தார். சுண்டெலி, "அப்பா, உன்னை மாதிரியே நடக்கிறார்" என்றாள். அவர் குந்தினார். பக்கவாட்டில் திரும்பினார். சரியாக வரைந்திருக்கிறாய், கை மணிக்கட்டு உட்பட. நாய் வந்தது. அந்தச் சிரிப்பு வந்தபோது சுண்டெலி திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். வீட்டில் தினமும் பார்க்கிற சிரிப்பாயிற்றே. "நீயாப்பா?" என்றாள். "நான்தான்டா" என்றேன். தன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். படம் முடியும் வரை அந்தக் கை திரும்பி வரவில்லை.

மூன்று நாள் பேசவில்லை. சாயங்காலம் கதவை நானே தட்டினேன், அண்ணி வந்து திறந்தாள். நம் வீட்டு ரத்தம் எனக்குத் தெரியும், விட்டால் அது இருபது வருஷம் போகும். நாலாம் நாள் காலையில் அவள் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் தரையில் உட்கார்ந்து நானாகவே ஆரம்பித்தேன். வண்டி, கூண்டு, ஊசி, குள்ளன், நீ கத்தியது, நான் வாயை மூடிக்கொண்டது, எல்லாம். வாயில் நுரையோடு கேட்டாள். அழுதாள். பிரஷ்ஷால் என் தோளில் இரண்டு அடி வைத்தாள். பிறகு, "அத்தையாவது கேட்டிருக்கலாம்ல?" என்றாள். "அத்தைக்கு அப்போ தெரியாதுடா, எனக்குத்தான் தெரியும்" என்றேன்.

நேற்று அவளாக வந்து, "நாய் உன்கிட்ட எப்படி வருதுன்னு எனக்குக் காட்டு" என்றாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் ஒன்று இரண்டு மாதமாகத் திரிகிறது, யாரையும் பக்கத்தில் விடாது. கம்பை வண்டியில் வைத்துவிட்டு வெறுங்கையோடு போனோம். தூரத்தில் குந்தச் சொன்னேன். கண்ணைப் பார்க்காதே என்றேன். அவளுக்கு என்னைவிட நன்றாக வந்தது. அரை மணி நேரம் கல்லையும் புல்லையும் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது நாலடி வந்து, இரண்டடி பின்னால் போய், மறுபடி வந்து, கடைசியில் அவள் உள்ளங்கையில் மூக்கை வைத்தது.

அவள் அசையாமல், திரும்பாமல், மெதுவாகக் கேட்டாள். "அப்பா, வந்துடுச்சு. இப்ப என்ன பண்ணணும்?"

இருபத்தொரு வருஷத்தில் எத்தனை நாய் அப்படி என் கைக்கு வந்திருக்கும்! வந்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியும். அதைத் தவிர வேறு எதுவும் தெரியாது என்பது அந்த நிமிஷம்தான் உறைத்தது. அவளுக்குக் கால் மரத்துவிட்டது. "அப்பா, சொல்லு" என்றாள். "தெரியலடா" என்றேன்.

அது எங்களைத் தீர்மானிக்க விடவில்லை, பின்னாலேயே வீடு வரை வந்துவிட்டது. இப்போது கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. வெளியே வர மாட்டேன் என்கிறது. அண்ணி துடைப்பத்தோடு ஒரு பக்கம், சுண்டெலி தலையணையோடு ஒரு பக்கம். முதல் நாளே குளிப்பாட்டலாமா, பயந்துவிடுமா? பால் வைத்தோம், குடிக்கவில்லை. ராத்திரி கட்டிப்போட வேண்டுமா, விட்டுவிடலாமா? இவர்கள் இரண்டு பேரும் என்னைப் பார்க்கிறார்கள், நான் யாரைப் பார்ப்பது? எனக்குப் பிடிக்க மட்டும்தான் தெரியும். இந்த வீட்டில் ஒரு நாயை வளர்த்தவள் நீ ஒருத்திதான்.

உன்னிடம்தான் கேட்கிறேன். கிளம்பி வா.

அண்ணன்